லான்ட்மாஸ்டருக்குச் சில்லு தேடுதல்

வணிகப் பெயரொன்று பொதுப்பெயராக மாறிவிடுவதற்கு யாழ்ப்பாணத்தில் நல்ல எடுத்துக்காட்டு 'லான்ட்மாஸ்டர்'. ஜப்பானியக் குபோட்டாவாக இருந்தாலும், சீனத்திலிருந்து வந்த சிபாங்காக இருந்தாலும், இரண்டு சில்லும் நீண்ட கைபிடியும் கொண்ட உழவு இயந்திரம் எதுவாயினும் வலிகாமத்தில் அதற்கு ஒரே பெயர்தான். அரச ஆவணங்களில் அது 'இருசக்கர உழவு இயந்திரம்'. தமிழகத்து உழவருக்குப் 'பவர் டில்லர்'. தெல்லிப்பழைத் தோட்டக்காரருக்கு லான்ட்மாஸ்டர். அந்தப் பெயருக்குரிய ஆங்கிலக் கம்பனி மறைந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பெயர் மட்டும் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழக வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. ஈழத்தில் நாம் சக்கரத்தைச் 'சில்லு' என்போம். டயரை 'ரயர்' என்றும் டியூபை 'ரியூப்' என்றும் எழுதுவோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதியுள்ளேன். 'தோட்டம்' என்ற சொல்லிலும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'தோட்ட உழவு இயந்திரம்' என்றால் வீட்டுப் புல்வெளியை வெட்டவும் ஓய்வு நாளில் நான்கு பாத்தி கொத்தவும் வைத்திருக்கும் சிறு வண்டி. பழையவற்றைத் தேடி வாங்கி, மெருகூட்டி, கண்காட்சிக்குக் கொண்டு செல்வோரும் அங்கு ஏராளம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்பது பொழுதுபோக்கு அன்று. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் வாழையும் விளைந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த நிலம் அது.

தெல்லிப்பழையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1816இல் அமெரிக்க மிஷன் அங்கு வந்திறங்கியதிலிருந்து தொடங்குவர். யூனியன் கல்லூரியின் வேர் அங்கேதான் உள்ளது. மகாஜனாவைப் பற்றியும் துர்க்கையம்மன் ஆலயத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் அந்த ஊரின் செம்பாட்டு மண்ணை உழுத இயந்திரங்களைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. பத்திரிகையாளர்களாகிய நாமும் விலைவாசியையும் போரையும் எழுதினோமேயன்றி, இரும்பையும் றப்பரையும் எழுதவில்லை.

வலிகாமம் வடக்கின் நிலவமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இரு சில்லு இயந்திரம் ஏன் அங்கு வேரூன்றியது என்பது விளங்கும். காணிகள் சிறியவை. பரப்புக் கணக்கில் பேசப்படுபவை. 16 பரப்பு ஓர் ஏக்கர். அந்த ஏக்கரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கையென்று சீதனத்திலும் முதுசத்திலும் பிரிந்து பிரிந்து துண்டுகளாகக் கிடக்கும். தோட்டத்துக்குப் போகும் வழி ஒழுங்கை. இருபுறமும் கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி. நான்கு சில்லு உழவு இயந்திரம் அதற்குள் நுழைந்தாலும், காணிக்குள் திரும்ப இடமிராது. மண்ணோ செம்பாடு, அதன் கீழே அதிக ஆழமில்லாமல் சுண்ணாம்புக்கல். நீர் கிணற்று நீர். துலா மிதித்து இறைத்த காலம் போய், மண்ணெண்ணெயில் ஓடும் வில்லியர்ஸ், வூல்ஸ்லி நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னர், தோட்டக்காரர் கைக்கு இயந்திரம் பழகிவிட்டது. இறைப்பு இயந்திரத்தைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு, உழவு இயந்திரம் அந்நியமாகத் தோன்றவில்லை.

லான்ட்மாஸ்டரின் கதையில் ஓர் இலங்கையரின் பெயர் முக்கியமானது. ரே விஜேவர்தன (1924-2010) கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர், பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். 1950களின் நடுப்பகுதியில் வெப்பமண்டல உழவர்களுக்கென அவர் வடிவமைத்த இரு சில்லு உழவு இயந்திரத்தை, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்த லான்ட்மாஸ்டர் கம்பனி தயாரித்து விற்றது. அக்கம்பனியின் இருப்பிடமான ஹக்னல், கவிஞர் பைரனின் கல்லறை உள்ள ஊர். பைரனை ஆங்கில இலக்கிய வகுப்பில் படித்த நம்மவர் பலர், தங்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்ற இயந்திரமும் அதே ஊரிலிருந்து வந்தது என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

விஜேவர்தனவை 'இரு சில்லு உழவு இயந்திரத்தை உலகிலேயே முதலில் கண்டுபிடித்தவர்' என்று எழுதுவோர் உளர். அது மிகை. சுவிற்சர்லாந்தின் கொன்ராட் வொன் மேயன்பேர்க் சுழல் கலப்பைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். அவுஸ்திரேலியாவின் ஆர்தர் கிளிவ்வர்ட் ஹவார்ட் 1912இல் தம் தந்தையாரின் பண்ணையில் சுழல் உழவைப் பரிசோதித்து, 1938இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் தொழிற்சாலை தொடங்கினார். நடந்தவாறே ஓட்டும் இயந்திரங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இருந்தன. விஜேவர்தனவின் பெருமை வேறு. எருமையும் எருதும் உழுத ஆசிய வயலையும் தோட்டத்தையும் மனத்தில் வைத்து, அதற்கேற்ற ஒரு பொறியை அமைத்தார் என்பதே அது.

அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் நிகழ்ச்சியை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1960களில் ஹார்வார்டில் தம் இயந்திரத்தைப் பற்றி அவர் உரையாற்றியபோது, அமெரிக்கப் பொறியியலாளர் பக்மின்ஸ்ரர் புல்லர் ஒரு கேள்வி எழுப்பினாராம். நீங்கள் வேளாண்மையை முன்னேற்றினீர்களா, அல்லது எருமையை மட்டும் இயந்திரமாக்கினீர்களா என்பதே கேள்வியின் சாரம். எருமை சாணமிடும், பால் தரும், கன்று ஈனும். உழவு இயந்திரம் எண்ணெய் குடிக்கும், புகை கக்கும். அக்கேள்வி தம்மை மாற்றியதாக விஜேவர்தனவே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். நைஜீரியாவின் இபாடானில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் அவர் உழாமற் பயிரிடும் முறைகளை ஆராய்ந்ததும், இலங்கை திரும்பிக் கிளிசரியா மரத்தை வேலியாகவும் உரமாகவும் விறகாகவும் பயன்படுத்த வேண்டும் என்று ஓயாது பேசியதும் அந்த மாற்றத்தின் விளைவே. தம் கண்டுபிடிப்பையே கேள்விக்குட்படுத்திய பொறியியலாளர் நம் நாட்டில் அரிது. ஆனால் வலிகாமத்துத் தோட்டக்காரர் அவருடைய மறுபரிசீலனையைக் கேட்டுத் தம் லான்ட்மாஸ்டரை விற்றுவிடவில்லை. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டு விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தப் பணத்தில் கல்வீடு கட்டியவர்களும் இயந்திரம் வாங்கியவர்களும் பலர். 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டபோது விலைகள் வீழ்ந்தன. இயந்திரங்கள் நின்றன, ஓடின, மீண்டும் நின்றன.

இனிச் சில்லுக்கு வருவோம்.

மாட்டுவண்டிச் சில்லைத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்தனர். மரத்தைச் செதுக்கிப் பொருத்துவது தச்சர் வேலை. இரும்புப் பட்டத்தைக் காய்ச்சி, சிவந்த சூட்டில் சில்லின்மேல் ஏற்றி, நீருற்றி இறுக்குவது கொல்லர் வேலை. மேலைநாட்டு உழவு இயந்திரங்களும் தொடக்கத்தில் இரும்புச் சில்லிலேயே ஓடின. அவற்றின் முள் போன்ற பற்கள் தெருக்களைக் கிழித்தன. ஓட்டுபவரின் முதுகெலும்பையும் விட்டுவைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ற்றில் டன்லொப் தம் மகனின் சிறு சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயர் செய்தார். ஆயினும், காற்றடைத்த ரயர் வயலில் இறங்க மேலும் 40 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1932இல் பயர்ஸ்ரோன் ரயர்களுடன் உழவு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உழவர்கள் முதலில் நம்பவில்லை. ஆகவே 1933இல் புகழ்பெற்ற காரோட்டப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்பீல்டைக் கொண்டு அந்த உழவு இயந்திரத்தை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக்காட்டினர். வயலில் அந்த வேகம் யாருக்குத் தேவை? விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது.

அந்த ரயர்களின் றப்பருக்கும் நமக்கும் உறவு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். அதே மலாயாவின் றெயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்தார். அவர்கள் அனுப்பிய காசிலும் பின்னர் வந்த ஓய்வூதியத்திலும் வலிகாமத்தில் எத்தனையோ காணிகள் வாங்கப்பட்டன. 1942இல் சிங்கப்பூரும் மலாயாவும் ஜப்பானியர் வசமானதும், நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் தரும் முக்கிய இடமாக இலங்கை ஆயிற்று. மரங்கள் பட்டுப்போனாலும் பரவாயில்லையென்று பாலை வெட்டி எடுத்தனர். றப்பர் தட்டுப்பாட்டினால் அமெரிக்க உழவு இயந்திரங்கள் மறுபடியும் இரும்புச் சில்லுக்குத் திரும்பிய காலம் அது. 1952இல் சீனாவுக்கு றப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கும் ஒப்பந்தத்தை இலங்கை செய்துகொண்டது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அரச ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில் அது தனியார் கைக்கு மாறியது. றப்பர் விளையும் நாட்டில் ரயருக்குத் தட்டுப்பாடு வரலாமா என்று கேட்கலாம். வந்தது. யாழ்ப்பாணத்தில் மிகக் கொடுமையாக வந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வலிகாமம் வடக்கு மக்கள் பலாலியைச் சூழ்ந்த ஊர்களை விட்டு வெளியேறினர். குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் உரமும் உதிரிப்பாகங்களும் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் கிடைத்த அளவில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதிலேயே ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள். அந்தக் காலத்தில் லான்ட்மாஸ்டரின் மதிப்பு உயர்ந்தது. ஏனெனில் மண்ணெண்ணெய் அதற்குப் பழகிய உணவு. பின்னால் பெட்டியைக் கொளுவினால் அதுவே லொறி, அதுவே பஸ், சில வேளைகளில் அதுவே அம்புலன்ஸ். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, அந்த மழையிலும் நெரிசலிலும் எத்தனை லான்ட்மாஸ்டர் பெட்டிகள் முதியவர்களையும் பாத்திரங்களையும் நெல்மூடைகளையும் சுமந்தன என்பதை அதில் நடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தார் வீதியில் சுமை இழுக்கும்போதுதான் உழவு ரயர் மிக வேகமாகத் தேயும். அக்காலத்து ரயர்களின் பற்கள் தேய்ந்து, உள்நூல் தெரியத் தொடங்கிய பின்னும், வெடிப்புக்கு உட்புறமாகப் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓட்டினர்.

இவ்வளவையும் நான் எழுத நேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. தெல்லிப்பழையைச் சேர்ந்த என் உறவினர் ஒருவருக்கு இப்பொழுது எண்பது வயது கடந்துவிட்டது. 1990இல் அவர் ஊரைவிட்டு வெளியேறியபோது லான்ட்மாஸ்டரையும் கொண்டு சென்றார். இடம்பெயர்ந்த வீடுகளுக்கெல்லாம் அது கூடவே போயிற்று. ஒரு கட்டத்தில் அதன் சில்லுகளைக் கழற்றி, விறகும் தண்ணீரும் கொண்டுவரும் கைவண்டிக்குப் பூட்டினர். கைவண்டி போய்விட்டது, சில்லுகளும் அதனுடன் போய்விட்டன. உடல் மட்டும் வடமராட்சியில் ஒரு கொட்டிலில், மரக்குற்றிகள் மீது இத்தனை காலமும் இருந்தது. 2009க்குப் பின் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாதவையும் உள்ளன. அவருடைய தோட்டக் காணி திரும்பக் கிடைத்தது. பற்றைகளை வெட்டிக் கிணற்றையும் இறைத்தாயிற்று. இயந்திரத்தையும் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு மெக்கானிக்கின் கைவண்ணத்தில் அது உயிர் பெற்றும்விட்டது. சில்லுத்தான் இல்லை.

மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்போரை அங்கு பார்த்தவர். அசல் அளவில், அசல் வடிவில், அந்தக் காலத்து றிம் கிடைத்தால் மட்டுமே பூட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தின் நினைவுச்சின்னம் அது என்பது அவருடைய நிலைப்பாடு. தகப்பனாருக்கோ வருகிற வெங்காயச் செய்கைக்கு அது உழ வேண்டும். "சாமி அறைக்குள்ளேயோ வைக்கப் போறம்?" என்று கேட்டார். இருவரும் என்னிடம் யோசனை கேட்டனர். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் அழியவில்லை. மெக்கானிக்குகளிடமும் ரயர்க் கடைக்காரர்களிடமும் விசாரித்து நான் அவர்களுக்கு எழுதியவற்றைச் சற்று விரித்து இங்கு தருகிறேன். யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் பழைய இயந்திரத்தைக் கொட்டிலில் வைத்திருப்போருக்கு உதவக்கூடும்.

முதலில், நிற்பது எந்த இயந்திரம் என்பதை உறுதிசெய்ய வேண்டும். முன்னர் சொன்னபடி, ஊரில் எல்லாமே லான்ட்மாஸ்டர்தான். பெயர்த்தகட்டைச் சுரண்டிப் பார்த்தால் ஜப்பானிய எழுத்து வெளிப்படலாம். அசல் ஆங்கில லான்ட்மாஸ்டரின் சிறிய வகைகளில் உழும் கத்திகளும் சில்லும் ஒரே அச்சில்தான் மாறி மாறிப் பூட்டப்படும். உழும்போது சில்லு கழற்றப்படும். வீதிக்கு வரும்போது கத்தி கழற்றப்படும். ஆகவே அதில் சில்லு பெரும்பாலும் சுமை இழுக்கவும் இடம் மாறவுமே தேவை. குபோட்டா வகையிலும் அதைத் தொடர்ந்து வந்த சீன, இந்திய வகைகளிலும் சில்லு முன்னே இழுக்க, சுழல் கலப்பை பின்னே தனியாகச் சுழலும். அங்கு சில்லின் வேலை முற்றிலும் வேறு. மண்ணைப் பற்றி முன்னேற வேண்டியது அதுவே. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ரயர் வாங்குவது காலின் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

அடுத்தது, அச்சும் ஹப்பும். அச்சு வட்டமா, அறுகோணமா, அதன் விட்டம் எவ்வளவு, ஊசியிட்டுப் பூட்டுவதா, நட்டுப் போட்டு இறுக்குவதா என்று பார்க்க வேண்டும். ஹப்பில் தட்டு இருந்தால் துளைகள் எத்தனை, அவற்றின் நடுவே செல்லும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்றும் அளக்க வேண்டும். ஹப் உடலோடு மிஞ்சியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைசற்காரர் ஒருவர் புதிய றிம்மின் நடுத்தட்டை அதற்கேற்பக் கடைந்து, ஒட்டித் தருவார். பழைய அசல் றிம்மைத் தேடி அலைவதைவிட இது மேல் என்பது என் கருத்து. கடற்காற்று வீசும் காங்கேசன்துறைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் கிடந்த றிம்மில், துருவைத் தட்டினால் மிஞ்சுவது எவ்வளவு இரும்பு என்பதைத் தட்டிப் பார்த்தே நம்ப வேண்டும். ரயர் அமரும் ஓரத்தில் துரு தின்றிருந்தால் அந்த றிம்மைக் காட்சிக்கு வைக்கலாம், காற்றடைக்கக் கூடாது.

பின்னரே ரயரின் அளவு. இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் இருசக்கர உழவு இயந்திரங்களில் பரவலாகக் காணப்படுவது 6.00-12. முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது றிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இந்தியாவில் வி.எஸ்.ரி. நிறுவனம் 1960களிலிருந்து மிற்சுபிஷியின் தொழில்நுட்பத்துடனும், கேரள அரசின் காம்கோ 1970களிலிருந்து குபோட்டாவின் தொழில்நுட்பத்துடனும் பவர் டில்லர்களைச் செய்து வந்துள்ளன. ஆகையால் இந்த அளவு ரயர் இப்பகுதியில் தட்டுப்பாடில்லாதது. அசல் இயந்திரத்தில் இருந்தது சிறிய அளவாயின், பெரிதைப் பூட்ட முன் கணக்குப் பார்க்க வேண்டும். 6.00-12இன் வெளி விட்டம் ஏறத்தாழ 25 அங்குலம், 5.00-12இனுடையது ஏறத்தாழ 22½ அங்குலம். ஒன்றை மற்றதாக மாற்றினால் ஒரே கியரில் வேகம் பத்தில் ஒரு பங்களவு கூடும் அல்லது குறையும். அச்சு ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும் அல்லது தாழும். பெரிய சில்லு பூட்டினால் வேகம் கூடும், ஆனால் இழுவை குறையும். கிழட்டு இயந்திரத்துக்கு அது கூடுதல் சுமை. கத்தியின் ஆழமும் மாறிவிடும்.

இரண்டு ரயரும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று பூட்டுவது நம்மவர் வழக்கம். காரில் இருபுறச் சில்லுகளும் வேறு வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் அமைப்பு உண்டு. பெரும்பாலான இருசில்லு இயந்திரங்களில் அது இல்லை; கைபிடியிலுள்ள கிளச்சை அழுத்தினாலன்றி இரண்டும் ஒன்றாகவே சுழலும். ஒரு சில்லு சிறிதாயின் இயந்திரம் ஓயாமல் அப்பக்கமே இழுக்கும். அதை நேராக்குவது ஓட்டுபவரின் தோளே. எண்பது வயதுத் தோளுக்கு அது ஆகாது.

ரயரின் பல் வடிவத்தில் முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம். அம்புக்குறி போன்ற சாய்ந்த பற்கள் உடையது பொதுவான உழவுக்கு. இதை ஆர்-1 என்பர். அதே வடிவில் மிக ஆழமான பற்கள் உடைய ஆர்-2, சேற்று வயலுக்கு. தட்டையான சிறு கட்டங்கள் உடைய ஆர்-3 புல்வெளிக்கு. கனடாவிலும் இங்கிலாந்திலும் தோட்ட இயந்திரங்களுக்கு விற்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை. பார்வைக்கு அழகாயிருக்கிறது என்று மகன் ஒரு சோடியை அங்கிருந்து அனுப்பினால், மாரிக்காலச் செம்பாட்டில் அது நின்ற இடத்திலேயே வழுக்கும். நம் தோட்டத்துக்கு ஆர்-1 போதும். சேற்று வயலுக்கு எப்போதாவது போகுமாயின் ரயருக்கு வெளியே இரும்புக் கூட்டுச் சில்லைக் கொளுவிக்கொள்ளலாம்.

அம்புப் பற்களுக்குத் திசை உண்டு. அம்பின் கூர்முனை முதலில் மண்ணில் பட வேண்டும். அப்போதுதான் மண் நடுவிலிருந்து இருபுறமும் ஒதுங்கி, பற்கள் தம்மைத் தாமே துப்புரவாக்கும். இயந்திரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால், பற்கள் வீட்டு முகட்டைப் போல மேல்நோக்கிக் கூம்பித் தெரிய வேண்டும். மாறிப் பூட்டினால் சேறு நடுவில் திரண்டு, ரயர் உருண்டைக் கட்டையாகிவிடும். இங்கே ஒரு நுணுக்கம். பயிர்ச் சால்களின் இடைவெளிக்கேற்ப இரு சில்லுகளுக்கிடையிலான அகலத்தைக் கூட்டக் குறைக்க, குழிந்த றிம்மை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் பூட்டுவர். அப்படித் திருப்பும்போது பற்களின் திசையும் மாறிவிடும். ஆகவே இடது சில்லை வலப்பக்கத்துக்கும் வலது சில்லை இடப்பக்கத்துக்கும் மாற்றியே திருப்ப வேண்டும்.

வயதையும் பார்க்க வேண்டும். 'பாவிக்காத பழைய ஸ்ரொக்' என்று கடைக்காரர் காட்டும் ரயர் பளபளப்பாக இருக்கலாம். றப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை வெடிக்கச் செய்யும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்ட ரயர்கள் பலவற்றின் பக்கச் சுவரில் நான்கு இலக்கக் குறியீடு இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பற்களின் அடியில் விரலால் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வெளிநாட்டு ரயர்களும் அக்கட்டுப்பாட்டில் சிக்கின. அப்போது மூலையில் கிடந்த பழைய ரயர்களெல்லாம் கடை முகப்புக்கு வந்தன. அவற்றுள் சில இன்னும் விற்கப்படாமல் இருக்கக்கூடும். மேற்பற்களை மட்டும் புதிதாக ஒட்டிய றீபில்ட் ரயர் லொறிக்கு நல்லது; மெதுவாகச் செல்லும் சிறு உழவு ரயருக்கு அதன் விலை மிச்சம் பொருட்படுத்தத்தக்கதன்று.

ரியூப் இல்லாத ரயரை நம் ஒழுங்கைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். முட்கிளுவைக் கதிகால் வெட்டிய நாளில் ஒழுங்கையில் நடந்து பார்த்தவருக்குக் காரணம் புரியும். ரியூப் என்றால், சந்தியிலுள்ள சைக்கிள் கடையிலேயே ஒட்டுப் போட்டுவிடலாம். ரயர் தாளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறிக்கும் இறுக்கமான வகையை எடுத்தால், சுண்ணாம்புக்கல் முனை பக்கச் சுவரைக் கிழிப்பதும் குறையும். காற்றின் அளவு உழவில் ஒன்று, வீதியில் ஒன்று. உழும்போது சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் வரை போதும். ரயர் சற்றே தட்டையாகி மண்ணை அகலமாகப் பற்றும், மண்ணும் அதிகம் இறுகாது. பெட்டி இழுக்கும் நாளில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பக்கச் சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பிய பின் தகப்பனும் மகனும் தொலைபேசியில் ஒரு வாரம் பேசிக்கொண்டனர் என்று அறிந்தேன். மகன் இங்கிலாந்தில் பழைய இயந்திரங்களைக் கழற்றி விற்பவர் ஒருவரிடம் ஒரு சோடி அசல் றிம்மைக் கண்டுபிடித்தார். கப்பற் கூலி றிம்மின் விலையிலும் கூடுதலாக இருந்தது. வாங்கியே விட்டார். பெரியவர் அவை வரும்வரை காத்திருக்கவில்லை. சுன்னாகத்தில் கடைசற்காரரிடம் பழைய ஹப்புக்கேற்ற தட்டு ஒட்டுவித்து, 5.00-12 ரயர் ஒரு சோடி பூட்டி, மழைக்கு முன் உழுதுவிட்டார். அசல் றிம்கள் துறைமுகத்தில் இறங்கி, வீடு வந்து சேர்ந்தபோது வெங்காயம் முளைத்து இரு வாரம் ஆகியிருந்தது. இப்போது அவை வர்ணம் பூசி, தாழ்வாரச் சுவரில் மாட்டப்பட்டுள்ளன.

செம்பாட்டில் முதல் நாள் இயந்திரம் சற்று வழுக்கியதாம். எடை போதாது. ரியூபின் வால்வை மேலே வரும்படி சில்லை நிறுத்தி, முக்கால் பங்குக்குத் தண்ணீர் நிரப்பி, மிகுதிக்குக் காற்றடைக்கச் சொன்னேன். கனடாவில் இதைச் செய்வோர் பனியில் உறையாதிருக்கக் கல்சியம் குளோரைட்டைக் கரைப்பர். அது கசிந்தால் றிம்மைத் தின்னும். தெல்லிப்பழையில் அந்தத் தொல்லை இல்லை. கிணற்றுத் தண்ணீரே போதும்.